அணில் துப்பாக்கியின் வரலாறு

கல்லூரியில் என்.சி.சி. பயிற்சி பெற்ற நம் இளைஞர்களைக் கேட்டால், முதன்முதலில் தோளில் அணைத்துச் சுட்டது 'பாயிண்ட் டூ டூ' ரைஃபிளைத்தான் என்பார்கள். தரையில் குப்புறப் படுத்து, எண்ணிக் கொடுக்கப்பட்ட சில தோட்டாக்களைக் காகிதக் குறியில் பதிய வைத்துவிட்டு எழுந்து வருவதோடு நம்மவர்க்கு அதன் தொடர்பு முடிந்துவிடுகிறது. நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருக்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். வேட்டைக்கோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடையாக நிற்கிறது. ஆனால் அமெரிக்காவில் அதே ரைஃபிள் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களில் ஒன்றாக, தந்தை மகனுக்கு வாங்கித்தரும் பிறந்தநாள் பரிசாக, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்து வருகிறது. அது எவ்வாறு அந்நிலையை எய்தியது என்பதையும், அதனைத் தேர்ந்தெடுப்போர் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது என்பதையும் ஈண்டுக் காண்போம்.

கதை அணிலிலிருந்து தொடங்குகிறது. நம் முற்றத்து முருங்கையில் ஓடும் மூவரி அணிலை நினைத்துக்கொண்டால் அமெரிக்கர் அதனை வேட்டையாடி உண்டனர் என்பது வியப்பாகவே இருக்கும். அந்நாட்டுச் சாம்பல் அணில் அரைக்கிலோ எடை வரும். நரி அணில் என வழங்கும் இனம் அதனினும் பெரிது. பதினெட்டாம் நூற்றாண்டில் காடு திருத்திக் குடியேறிய உழவர்க்கு அது உணவுமாயிற்று, சோளக் கொல்லையை அழிக்கும் பகையுமாயிற்று. 1749இல் பென்சில்வேனியா அரசு கொன்ற அணில் ஒன்றுக்கு மூன்று பென்னி வெகுமதி தந்தது என்றால் அதன் பெருக்கத்தை ஊகித்துக் கொள்ளலாம்.

அதே பென்சில்வேனியாவில் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய கொல்லர்கள் நீண்ட குழலுடைய ஒரு ரைஃபிளை உருவாக்கினர். பின்னாளில் அது கென்டக்கி ரைஃபிள் என்று பெயர் பெற்றது. மானுக்கும் போருக்கும் அரை அங்குலத் துளையுடைய குழல் தேவைப்பட்டது. அணிலுக்கு அது வேண்டியதில்லை. அங்குலத்தில் நூற்றில் முப்பத்திரண்டு அல்லது முப்பத்தாறு பங்கு விட்டமுள்ள துளையே போதும் என்று கண்டனர். இதில் கலை நுட்பத்தைவிடச் சிக்கனமே மேலோங்கி நின்றது. ஒரு பவுண்டு ஈயத்தை உருக்கி வார்த்தால் அரை அங்குலக் குழலுக்கு நாற்பது குண்டுகள் தேறும். முப்பத்திரண்டுக்கோ சுமார் நூற்றைம்பது தேறும். கடைத்தெரு பல நாள் பயணத்தொலைவில் இருந்த குடியானவனுக்கு இந்தக் கணக்கு வாழ்க்கைக் கணக்காகும். மருந்தும் அந்த அளவுக்குக் குறைவாகக் கெட்டித்தால் போதும். சுட்ட குண்டை மரத்திலிருந்து தோண்டியெடுத்து மீண்டும் உருக்கியவர்களும் உண்டு. 'அணில் துப்பாக்கி' என்னும் பெயர் இவ்வாறு நிலைத்தது.

இத்துப்பாக்கிகள் ஒருமுறை போருக்கும் அழைக்கப்பட்டன. உள்நாட்டுப் போரின்போது, 1862 செப்டம்பரில், தென்னவர் படை சின்சினாட்டி நகரை நோக்கி வந்தது. ஒகாயோ ஆளுநர் டேவிட் டாட், துப்பாக்கி உள்ளோர் எல்லாம் வருக என்று அறிவித்தார். உழவர்கள் தங்கள் அணில் துப்பாக்கியும் மருந்துக் கொம்புமாகப் புகைவண்டிகளில் வந்து குவிந்தனர். பதிவான தொகை 15,766 பேர் என்பர். நகரக் காவலுக்குப் பொறுப்பேற்றிருந்த தளபதி லூ வாலஸ் பிற்காலத்தில் 'பென்ஹர்' என்னும் நாவலை எழுதிப் புகழ் பெற்றவர். எதிரிப்படை சில நாளில் பின்வாங்கியது. வந்தவர்கள் ஏறக்குறையச் சுடாமலேயே ஊர் திரும்பினர். அடுத்த ஆண்டு அவர்களுக்கு 'அணில் வேட்டைக்காரர்' என்று அச்சிட்ட விடுவிப்புச் சான்றிதழ் வழங்கப்பட்டது. ஒகாயோக் குடும்பங்கள் அதனைச் சட்டமிட்டு மாட்டிவைத்துப் பெருமை கொண்டாடியதில் தவறில்லை.

ஆனால் அவர்கள் தோளில் சுமந்து வந்த அந்தத் துப்பாக்கியின் காலம் அதற்குள் முடிந்துகொண்டிருந்தது. வாய்வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கும் முறைக்கு முடிவுகட்டிய எண்ணம் பாரிஸ் நகரில் பிறந்தது. 1845ஆம் ஆண்டில் லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்னும் பிரெஞ்சுக் கம்மியர், நம் பிள்ளைகள் தீபாவளிக் காலத்தில் வெடிக்கும் பொட்டு வெடியை ஒத்த ஒரு சிறு செப்புக் கேப்பின் வாயில் ஒரு சிறு ஈயக் குண்டைப் பொருத்தினார். தனியே மருந்து இல்லை. கேப்பில் உள்ள வெடிபொருளே குண்டைத் தள்ளும். செல்வர்கள் தம் மாளிகைக் கூடத்துக்குள்ளேயே குறிபார்த்து விளையாட அது பயன்பட்டது. கொலைக்கருவியின் வரலாற்றில் இப்படி வரவேற்பறையில் பிறந்த குழந்தை வேறு உண்டா என்பது ஐயமே.

அதனைக் கண்ட அமெரிக்கர் ஹொரேஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் ஆகிய இருவரும் கூட்டினைச் சற்று நீட்டி உள்ளே கருமருந்தை நிரப்பினர். 1857இல் அவர்களுடைய கைத்துப்பாக்கியோடு வெளிவந்த அத்தோட்டாவே இன்று '.22 ஷார்ட்' எனப்படுவது. அமெரிக்காவில் பிறந்த உலோகத் தோட்டாக்களில் இன்னும் தயாரிப்பில் உள்ள மிகப் பழையது இதுதான். பின்னர், 1887இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் சற்று நீண்ட கூட்டில் நாற்பது கிரெயின், அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட குண்டைப் பொருத்தி '.22 லாங் ரைஃபிள்' என்று பெயரிட்டது. உலகம் முழுவதும் இன்று மிகுதியாகச் சுடப்படுவது இந்தத் தோட்டாவே. நம் என்.சி.சி. மாணவர் கையில் கொடுக்கப்படுவதும் இதுதான்.

ஆயுதம் மலிந்தது; தோட்டாவும் மலிந்தது. தேர்வு மட்டும் எளிதாகிவிடவில்லை. வின்செஸ்டர் நிறுவனம் 1890இல் வெளியிட்ட புகழ்பெற்ற ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். ஜான் பிரவுனிங்கும் அவர் தம்பியும் வகுத்த அமைப்பு அது. முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். 1932 வரை எட்டு லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆயினும் ஒரு துப்பாக்கி ஒரே வகைத் தோட்டாவைத்தான் ஏற்கும். ஷார்ட்டுக்கு வாங்கினால் லாங் போகாது. 1906இல் வந்த மலிவான மாதிரி, இரண்டோர் ஆண்டுகளில் மூன்று வகையையும் ஏற்குமாறு செய்யப்பட்டபோதே ஏழை வீட்டுப் பையனின் சங்கடம் தீர்ந்தது. இன்னொரு தொல்லை துரு. அக்காலக் கேப்பின் வெடிபொருள் எரிந்தபின் உப்புப் போன்ற கழிவைக் குழலில் விட்டுச்செல்லும். அது காற்றின் ஈரத்தை ஈர்க்கும். அன்றிரவே வெந்நீர் விட்டுக் கழுவி எண்ணெய் பூசாவிட்டால் உள்வரிகள் அரித்துப்போகும். சோம்பேறியின் துப்பாக்கி ஓராண்டில் வெறுங்குழாய். 1920களின் பிற்பகுதியில் ரெமிங்டன் நிறுவனம் துருப்பிடிக்காத கேப்பினைக் கொணர்ந்ததும் இத்தொல்லை ஒழிந்தது. வயதான வேட்டைக்காரர்கள் மட்டும் பழக்க தோஷத்தால் அதற்குப் பின்னும் நெடுநாள் கழுவிக்கொண்டிருந்தார்களாம்.

சிறு வேட்டை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய வரலாறும் உண்டு. 1860இல் ஒகாயோவில் பிறந்த ஒரு பெண் ஆறு வயதுக்குள் தந்தையை இழந்தாள். சுவரில் தொங்கிய தந்தையின் பழந்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காடையும் முயலும் சுட்டு விற்றாள். அவை சின்சினாட்டி ஓட்டல்களுக்குப் போயின. பதினைந்து வயதளவில் தாயின் வீட்டு அடமானக் கடனை அடைத்துவிட்டாள். ஆனி ஓக்லி என்னும் பெயரில் பின்னர் இரு கண்டங்களும் வியந்து பார்த்த குறிக்காரி அவள்தான். அரங்கில் அவர் ஏந்தியவற்றுள் .22 ரைஃபிளும் ஒன்று. சீட்டின் விளிம்பைத் துளைத்த அந்தத் திறமைக்கு அடியில் ஒரு விதவைத் தாயின் அடுப்பங்கரை இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அவளைப் போன்றோர் சந்தைக்காகச் சுட்டது அன்று குற்றமன்று. எனினும் காட்டுக்கும் ஒரு கணக்கு இருந்தது. வானை மறைத்துப் பறந்த பயணப்புறா இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் முதல் நாள் அதே சின்சினாட்டியின் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. அதற்கு நம் சிறு ரைஃபிளைக் குறைகூறுவது நியாயமன்று. வலைகளும் ரவைத் துப்பாக்கிகளும் காடழிப்புமே அதனை முடித்தன. ஆயினும் கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தே வந்தன. 1900இன் லேசி சட்டம் களவாகச் சுட்டதை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதைத் தடுத்தது. வலசைப் பறவைகளை ரைஃபிளால் சுடக்கூடாதென்று கூட்டரசு விதி தடுக்கிறது. 1937இல், துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வனவிலங்கு மீட்புக்கே ஒதுக்கும் சட்டம் பிறந்தது. எனவே முயல், அணில் ஆகியவையே இச்சிறு துப்பாக்கிக்கு எஞ்சின. அவற்றுக்கும் பருவமும் நாள் ஒன்றுக்கு இத்தனை என்னும் வரம்பும் உண்டு.

வேட்டை சுருங்கச் சுருங்க விளையாட்டு பெருகிற்று. உண்டு எறிந்த தகர டப்பாவை வேலிமேல் வைத்துச் சுடுவார்கள். குண்டு பட்டதும் 'பிளிங்க்' என்று ஒலிக்கும். அந்த ஒலியே அவ்விளையாட்டின் பெயராயிற்று. கம்பெனிகள் இதனை விளம்பரமாக்கத் தயங்கவில்லை. 1907இல் டெக்சாஸில் ஆட் டாப்பர்வைன் என்பார், வீசியெறிந்த 72,500 மரத்துண்டுகளைப் பத்து நாளில் சுட்டு ஒன்பதையே தவறவிட்டார். 1959இல் டாம் ஃப்ரை, நைலானால் உடல் செய்யப்பட்ட புதிய ரெமிங்டனைக் கொண்டு 1,00,010 துண்டுகளில் ஆறை மட்டும் தவறவிட்டார். 1917இல் வின்செஸ்டர் சிறுவர்களுக்கென்றே ஒரு ரைஃபிள் சங்கத்தைத் தொடங்கியது. அஞ்சலில் பணம் அனுப்பினால் துப்பாக்கி வீடு தேடி வந்தது.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். பொம்மையைப் போல் விற்றதால் அதனைப் பொம்மை என்றே பலரும் கருதினர். உண்மையில் அந்தச் சிறு குண்டு தடையின்றிச் சென்றால் ஒரு மைலுக்கும் அப்பால் விழும். மெதுவாகச் செல்லும் ஈயமாதலால் நீரிலும் பாறையிலும் பட்டுத் தெறித்துத் திசை மாறும் இயல்பும் அதற்கு அதிகம். 1968 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸில் ராபர்ட் கென்னடியின் உயிரைக் குடித்தது .22 கைத்துப்பாக்கியே. 1981 மார்ச்சில் அதிபர் ரேகனின் நெஞ்சைத் துளைத்த .22 குண்டு அவருடைய காரின் பக்கத்தில் பட்டுத் தெறித்து வந்தது. கென்னடி கொலையின் ஆண்டிலேயே இயற்றப்பட்ட துப்பாக்கிச் சட்டம் அஞ்சல்வழி விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ரைஃபிள் வாங்குவோர்க்குப் பதினெட்டு வயது என்று வரம்பிட்டது. தோட்டா விற்பனையையும் பதிவேட்டில் எழுதச் சொன்னது, 1982இல்.22 தோட்டாவுக்கு மட்டும் அப்பதிவிலிருந்து விலக்களித்தார்கள். சிறியதன்மேல் மனிதர்க்குள்ள அலட்சியம் சட்டமன்றத்தையும் விடவில்லை போலும்.

இனி, தேர்ந்தெடுப்பவன் எதைப் பார்க்கிறான்? இரண்டு பெயர்களே நீண்டகாலம் கோலோச்சின: 1960இல் வந்த மார்லின் 60, 1964இல் வந்த ரூகர் 10/22. இரண்டும் விசையை அழுத்தும்தோறும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்பவை. டப்பா சுடுவோர்க்கு இவை கொண்டாட்டம். ஆனால் பையனுக்குக் கற்றுத்தரும் தந்தைமார் பலர் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியையோ, கையால் தாழ்ப்பாள் இழுக்கும் வகையையோதான் நாடுவர். நம் கருத்தும் அதுவே. அடுத்த தோட்டாவை எடுக்கக் கை பைக்குள் போகும் அந்த இடைவெளியில்தான் பையன் எதிரே இருப்பதைப் பார்க்கக் கற்கிறான்.

ஆற்றல் மிகுந்ததே சிறந்தது என்னும் எண்ணமும் இங்கே செல்லாது. 1959இல் வந்த .22 மேக்னம் ஏறக்குறைய இருமடங்கு வலுவுடையது, 2002இல் வந்த.17 தோட்டா அதனினும் விரைவாகப் பாய்ந்து உள்ளே சிதறும். அணிலின் உடலில் பட்டால் சட்டிக்குப் போக ஒன்றும் மிஞ்சாது. தலையில் சுட வேண்டும். அத்தலை ஓர் எலுமிச்சம்பழ அளவே. லாங் ரைஃபிள் ஐம்பது கஜத்தில் குறிக்கு அமைத்தால் நூறு கஜத்தில் சுமார் ஆறு அங்குலம் தாழ்ந்துவிடும். ஆகவே ஐம்பதுக்கு அப்பால் சுடாதிருப்பதே வேட்டைக்காரனின் நேர்மை. காயம்பட்ட அணில் மரப்பொந்துக்குள் புகுந்து சாவதை எந்தக் குழலும் திருத்தித் தராது. அன்றியும், கிளைமேல் இருக்கும் அணிலைக் குறிபார்க்கையில் துப்பாக்கியின் வாய் வானைப் பார்க்கிறது. பின்னால் தண்டு தடுக்காவிடில் குண்டு எங்கே இறங்கும் என்று யாருக்குத் தெரியும்?

குழலுக்கும் தோட்டாவுக்கும் உள்ள உறவு விசித்திரமானது. ஒரே தொழிற்சாலையின் அடுத்தடுத்த இரு ரைஃபிள்கள், ஒன்று ஒரு கம்பெனித் தோட்டாவை விரும்பும், மற்றொன்று அதனை வெறுக்கும். இப்போது அதிலும் புதுச் சிக்கல். கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் நாளிலிருந்து வேட்டைக்கு ஈயக்குண்டையே தடை செய்துவிட்டது. சுடப்பட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்னும் பெருங்கழுகுகள் ஈயநஞ்சால் மடிந்ததே காரணம். ஈயமற்ற .22 குண்டு எடை குறைந்தது, விலை கூடியது, எளிதில் கிடைப்பதுமில்லை. ஈயத்துக்கென வரியிட்ட பழைய குழல்கள் பல அதனைச் சீராகச் செலுத்துவதுமில்லை. அங்குள்ள வேட்டைக்காரர்கள் பருவம் திறக்குமுன் கிடைத்த பெட்டிகளையெல்லாம் வாங்கிவந்து, மண்மேட்டின்முன் காகிதத்தைக் குத்திவைத்து, எது தம் குழலுக்கு ஒத்துவருகிறது என்று மறுபடி முதலிலிருந்து சுட்டுப் பார்க்கிறார்கள்.