மேகத்திற்கு வெண்மை ஊட்டும் முயற்சி



கடலிற் செல்லும் கப்பல் நீர்மேல் இடும் தடம் சிறிது நேரத்தில் அழிந்துவிடும். ஆனால் கப்பல் வானத்திலும் தடம் பதிக்கின்றது என்பதை 1966ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரை எடுத்துக் காட்டியது. அமெரிக்காவின் டைரோஸ் என்னும் செயற்கைக் கோள் எடுத்த படங்களை ஆராய்ந்த ஜான் கானோவர், பசிபிக் கடலின் மேகங்களுக்கிடையே நீண்ட வெண்கோடுகள் ஓடுவதைக் கண்டார். கப்பற் புகையே அவற்றை வரைந்திருக்கலாம் என்று கருதினார்.

புகை மேகத்தை வெளுக்கச் செய்யுமோ என்று நாம் வியக்கலாம். மேகத்துளி ஒவ்வொன்றும் தூசியோ உப்போ ஏதேனும் ஒரு நுண்துகளைப் பற்றிக்கொண்டுதான் உருவாகின்றது. துகள்கள் பெருகினால், அதே அளவு நீர் எண்ணிறந்த சிறு துளிகளாகப் பிரியும். கண்ணாடி போன்ற கற்கண்டைப் பொடித்தால் வெள்ளை வெளேரென்று ஆவதை நம் வீடுகளில் கண்டிருக்கிறோம் அல்லவா? மேகத்தின் கதையும் ஏறக்குறைய அதுவே. துளி சிறுக்கச் சிறுக்க, வெயிலைத் திருப்பி அனுப்பும் ஆற்றல் வளர்கின்றது. இதனை 1977இல் ஷான் டூமி என்ற விஞ்ஞானி கணக்கிட்டு விளக்கினார்.

மேகங்கள் பூமியைக் குளிர்விக்கின்றனவா, வெப்பமூட்டுகின்றனவா என்ற நெடுநாளைய ஐயத்திற்கு 1989இல் விடை கிடைத்தது. அவை மொத்தத்தில் குளிர்விக்கின்றன என்று செயற்கைக் கோள் அளவைகளைக் கொண்டு நிறுவிய குழுவின் தலைவர் வீரபத்ரன் ராமநாதன். தமிழ்நாட்டிற் பிறந்து, இளமையில் பெங்களூருக்குக் குடிபெயர்ந்து, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர் அவர். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு அவருடைய வரலாறு மகிழ்வளிப்பதாகும்.

மறு ஆண்டே பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் லேதம் ஒரு யோசனையை வெளியிட்டார். புகை அறியாமற் செய்வதைக் கடலுப்பைக் கொண்டு நாம் அறிந்தே செய்யலாகாதா என்பது அவர் கேள்வி. கடல்நீரை நுண்திவலைகளாகத் தெளித்தால், அவற்றின் உப்பு மேலெழுந்து தாழ்ந்த மேகங்களை வெளுக்கச் செய்யும். புவி வெப்பம் ஓரளவு தணியும். எடின்பரோவைச் சேர்ந்த ஸ்டீபன் சால்ட்டர், காற்றின் விசையால் ஆளின்றி இயங்கும் தெளிப்புக் கப்பல்களையே வரைந்து காட்டினார். 2020 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் மேல் முதற் சோதனைத் தெளிப்பு நடந்தது. சூடேறிய கடலில் வெளுத்து மடியும் பவளங்களுக்கு நிழல் தேடுவதே அதன் நோக்கம்.

அதே 2020இல் வேறொன்றும் நிகழ்ந்தது. கப்பல் எரிபொருளில் இருக்கத்தக்க கந்தகத்தின் உச்ச அளவு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பெற்றது. மக்கள் நலம் கருதிய நற்செயல் அது. ஆயினும் மாசு குறைந்ததும் வானத்து வெண்கோடுகளும் குறைந்தன. மனிதன் தன்னையறியாமல் விரித்திருந்த குடை சற்றே மடங்கியது.

அப்படியாயின் உப்புக் குடையை விரித்துவிடலாமே எனின், அங்கேதான் தயக்கம் எழுகின்றது. நமீபியாவின் கடற்கரை மேகங்களை வெளுத்தால் அமேசான் காடுகளில் மழை குன்றக்கூடும் என்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகளின் கணினிக் கணிப்பு 2009இல் எச்சரித்தது. தெற்காசியாவின் மேல் படரும் புகைமண்டலம் பருவமழையை நலிவிக்கின்றது என்று ராமநாதனும் அவர் குழுவினரும் 2005இல் எழுதினர். துகள்களின் விளைவு, அவற்றைத் தூவிய இடத்தோடு நிற்பதில்லை. மேலும், வெண்மேகம் கரியமில வாயுவைக் குறைப்பதுமில்லை. தெளிப்பை நிறுத்தினால் மறைந்திருந்த வெப்பம் விரைந்து திரும்பும்.

2024 ஏப்ரலில் கலிபோர்னியாவின் அலமேடா நகரில், ஓய்வு பெற்ற ஒரு போர்க்கப்பலின் மேல்தளத்தில் உப்புத் தெளிப்புச் சோதனை தொடங்கியது. உடல்நலத்திற்குத் தீங்கு இல்லை என்று வல்லுநர் அறிக்கை கூறியும், நகர மன்றம் ஜூன் மாதத்தில் அனுமதி மறுத்துவிட்டது. முன்னரே தங்களைக் கலந்து பேசவில்லை என்பது ஊராரின் குறை.

சிறு நகரத்தின் குறைதானே என்று நாம் தள்ளிவிடலாகாது. பம்பாயில் வாழ்வோரும் கல்கத்தாவில் வாழ்வோரும் ஆனி பிறந்ததும் மேகம் பார்க்கிறோம். ஐப்பசியில் ஊர்க் கண்மாய் நிறைந்ததா என்று கடிதத்திலோ தொலைபேசியிலோ கேட்கிறோம். இருவேறு பருவமழைகளும் கடலிலிருந்தே வருகின்றன. அக்கடல் மேகத்தில் ஒருவர் கை வைக்கும் நாள் வருமாயின், மழையை எதிர்நோக்கும் உழவனையும் கேட்ட பின்னரே வைக்க வேண்டும். ஆராய்ச்சி நடக்கட்டும், அனைவரும் அறிய நடக்கட்டும்.