கட்டைவிரலும் சுவரெழுத்தும்

போன மாதம் அம்மாவை என்னோடு கூட்டி வருவதற்காகத் தூத்துக்குடி வீட்டைக் காலி செய்தோம். டிரங்குப் பெட்டியின் அடியில் ஆச்சியின் இரண்டு புரோநோட்டுகள் கிடைத்தன. கடனை அடைத்ததும் திரும்பி வந்த காகிதங்கள். 1989ஆம் ஆண்டு நோட்டில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் ஒரு நீலக் கறை. அதை ரேகை என்றே சொல்ல முடியாது. 1994ஆம் ஆண்டு நோட்டில் அதே இடத்தில் நான்கெழுத்துப் பெயர். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஸ்டாம்புக்கு வெளியே சரிந்து நிற்கிறது.

இந்த இரண்டு காகிதங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

ஆச்சி உப்பளத்தில் வேலை பார்த்தவள். அந்த நடுவருடங்களில், நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, எங்கள் தெரு முனையில் சுண்ணாம்படித்த சுவரில் அறிவொளி இயக்கத்துக்காக ஒரு படம் வரைந்தார்கள். பெரிய கட்டைவிரல், அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி, கீழே இரண்டு வரி வாசகம். எனக்குப் படம் பிடித்திருந்தது. ஆச்சி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது: "என் கைய எதுக்குலே அடிச்சுப் போட்டிருக்காவ?"

யாருக்காக ஒட்டினார்கள்?

எழுத்தறிவுச் சுவரொட்டியில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. படிக்கத் தெரியாதவரிடம் "படிக்க வாருங்கள்" என்று எழுத்தில் சொல்கிறோம். எங்கள் தொழிலில், இணைய இணைப்பு இல்லாதவரிடம் "உதவிக்கு எங்கள் இணையதளத்தைப் பாருங்கள்" என்று செய்தி காட்டுவோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

ரஷ்யப் புரட்சிக்குப் பின் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 1919 டிசம்பர் 26 அன்று வந்த அரசாணை, 8 முதல் 50 வயது வரை எழுதப் படிக்கத் தெரியாத எல்லோரும் கற்க வேண்டும் என்றது. மறு வருடம் அலெக்சேய் ராதகோவ் வரைந்த சுவரொட்டி உலகப் புகழ் பெற்றது. கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருவர் கைகளை நீட்டியபடி மலை விளிம்பைத் தாண்டிக் காலை வைக்கிறார். எழுத்தறியாதவர் குருடர், எங்கு போனாலும் அவருக்குத் துன்பம்தான் என்பது செய்தி. எழுத்தே தேவையில்லை, படம் போதும். 1923இல் எலிசவேத்தா குருக்லிகோவா வரைந்தது வேறு மாதிரி. புத்தகம் வைத்திருக்கும் சிறுமி தன் தாயைப் பார்த்து, நீ படித்திருந்தால் எனக்கு உதவியிருப்பாயே என்று ஏங்குகிறாள். முதல் படம் பயமுறுத்துகிறது, இரண்டாவது குற்றவுணர்வைத் தூண்டுகிறது.

நமக்கு இது புதிதில்லை. கல்லாதவர் முகத்தில் இருப்பவை கண்கள் அல்ல, இரண்டு புண்கள் என்று 393ஆம் குறளிலேயே வள்ளுவர் சொல்லிவிட்டார். 'அறிவொளி' என்ற பெயருக்குள்ளும் அந்த ஒப்புமை ஒளிந்திருக்கிறது. ஒளி நாம் என்றால் இருட்டு யார்? அப்போது ஆச்சிக்குச் சுருக்கென்று பட்டது இதுதான் என்று இப்போது புரிகிறது.

முத்துக்குளித்துறையில் ஒரு மணி

நம் கரையில் இந்தக் கதை ரஷ்யாவுக்கு முந்நூற்றெழுபது வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் தெரிந்த உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, தானும் மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவரே விவரிக்கிறார்.

அவருக்குப் பின் வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். தமிழைக் கற்று, இலக்கணமும் எழுதி, 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூலை அச்சிட்டு முடித்தார். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் அதுதான். 1586இல் முத்துக்குளித்துறைக் கரையிலேயே புனிதர்களின் வரலாறு அச்சானது.

'பிரச்சாரம்' என்பதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'புரொபகாண்டா' என்ற சொல், 1622இல் ரோமில் சமயப் பரப்புதலுக்காக அமைத்த திருச்சபைக் குழுவின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. அந்தக் குழுவுக்கு 44 வருடம் முன்பே அந்த வேலைக்கான தமிழ்ப் புத்தகம் இந்தக் கரைக்காக அச்சாகிவிட்டது!

ஒன்றைக் கவனியுங்க. அந்தச் சிறு நூலைக் கரையில் எல்லோரும் உட்கார்ந்து மௌனமாகப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஊருக்கு ஊர் ஜெபம் சொல்லிக் கொடுக்கக் கணக்கப்பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுத் திருப்பிச் சொல்வதுதான் அன்றைய முறை. ஆட்களைக் கூட்டியது மணி, சொல்லிக் கொடுத்தது மனிதர். புத்தகம் அந்த மனிதருக்குக் கைத்துணை.

நூலகத்துக்கு ஆள் சேர்த்த கதையும் இப்படித்தான். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூலகம் கிளம்பியது. எஸ். ஆர். ரங்கநாதன் தொடங்கி வைத்தார். ஊருக்குள் புத்தகத்தோடு வந்து நிற்கும் வண்டியைவிடப் பெரிய விளம்பரம் ஏது?

புதுக்கோட்டையில் ஓடிய சுவரொட்டி

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988 மே மாதம் தொடங்கியது. இலக்கு 15 முதல் 35 வயதுக்காரர்கள். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 62.66 சதவீதம். பெண்களில் 51 சதவீதம், அதாவது இரண்டு பெண்களில் ஒருவருக்கு எழுத்துத் தெரியாது. இந்தப் பின்னணியில்தான் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து அறிவொளியை மாவட்டம் மாவட்டமாகக் கொண்டு போயின. சுவரெழுத்து, கலைப்பயணம், வீதி நாடகம், பாட்டு என்று எல்லாம் நடந்தது.

அதிகம் பேசப்பட்டது புதுக்கோட்டை. 1991இல் அங்கே ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அங்கே எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊரெங்கும் பரவியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கல்குவாரியில் வேலை செய்யும் பெண் சைக்கிளில் வகுப்புக்குப் போவதைப் பக்கத்து ஊர்ப் பெண் பார்க்கிறாள். எழுத்தே இல்லாத சுவரொட்டி அது. முக்கியமாக, பார்ப்பவரை அது குருடர் என்று சொல்லவில்லை.

பாடநூலிலும் இந்த மாற்றம் தெரிந்தது. அ, ஆ என்று தொடங்காமல் 'பட்டா' என்ற சொல்லில் தொடங்கினார்கள். நிலத்துக்கான காகிதம், அதற்காக அலைந்த அலைச்சல், யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. முதலில் படத்தைக் காட்டிப் பேச்சு, அப்புறம்தான் எழுத்து. பிரேசிலில் பாவ்லோ ஃபிரெய்ரே 1963இல் ஆங்கிகோஸ் ஊரில் சுமார் 300 பேரோடு செய்து காட்டிய முறையின் சாயல் இது. படம் இங்கே கட்டளை போடவில்லை, பேச்சைத் தொடங்கி வைத்தது.

ஆச்சி ஏன் கற்றாள்?

எங்கள் தெருவில் வகுப்பு எடுத்தது என் சித்தி. அப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். சம்பளம் கிடையாது. அந்தச் சுவர்ப் படத்தைப் பார்த்துக் கிளம்பியது சித்திதான், ஆச்சி இல்லை. இந்தச் சுவரெழுத்துகள் உண்மையில் அழைத்தது கற்பவரையா, கற்பிப்பவரையா? படிக்கத் தெரிந்த பல்லாயிரம் இளைஞர்களை, குறிப்பாகப் பெண்களை, வீட்டை விட்டு வெளியே கொண்டு வந்ததில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆச்சி சுவரைப் பார்த்து வரவில்லை. ஒரு அலுவலகத்தில் பணம் வாங்கப் போனபோது அவள் ரேகை பதியவில்லை. வருடக்கணக்காக உப்பு வாரியதில் விரல் வரி தேய்ந்து போயிருந்தது. மூன்று முறை மை தடவி வைத்தும் வெறும் கறைதான். "கைநாட்டுகூட ஒழுங்கா வைக்கத் தெரியலயா?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டு அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி சித்தியிடம் சொன்னாள்: "எனக்கு எம் பேரு மட்டும் போதும்ட்டி. அத எழுதிக் காட்டு."

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த நாட்களில் சிலேட்டில் எழுதினாள். பெயருக்குப் பின் பஸ் போர்டு, பிறகு கூலிச் சீட்டில் உள்ள எண்கள். கூலியை அவளே கூட்டிப் பார்க்க ஆரம்பித்தபோது, கங்காணி கணக்குச் சொல்லும் குரலே மாறிவிட்டது என்று சித்தி இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

முழுவதும் வெற்றிக் கதை என்று சொல்ல மாட்டேன். வகுப்பு நின்றதும் பல எழுத்துகள் மறந்துவிட்டன. நாடு முழுவதும் இதே பிரச்சினை இருந்தது. 1994இல் அருண் கோஷ் தலைமையிலான நிபுணர் குழுவும், கற்றவர்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதைக் கவனிக்கச் சொன்னது. கடைசிக் காலத்தில் ஆச்சியால் செய்தித்தாள் படிக்க முடியவில்லை. ஆனால் கையெழுத்து மட்டும் மறக்கவில்லை.

2011 கணக்கெடுப்பில் தூத்துக்குடி மாவட்டத்தின் எழுத்தறிவு 86 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இப்போது எல்லாவற்றுக்கும் மறுபடி கைரேகை கேட்கிறார்கள். உப்பளத்துப் பெண்கள் இயந்திரத்தின் முன்னால் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்படி இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் என்னைப் போன்றவர்கள்தான்.

தெரு முனைச் சுவர் இப்போது இல்லை. புரோநோட்டுகள் இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு என் மேசையில் வைத்திருக்கிறேன்.