விறகடுப்பு முதல் மைக்ரோவேவ் வரை: அடுப்படிப் பாதுகாப்பின் கதை



போன வாரம் கோவையில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் வீட்டு மைக்ரோவேவ் ரிப்பேருக்குப் போய் வந்ததிலிருந்து, கதவைத் திறந்தாலும் நிற்காமல் ஓடுகிறதாம். "கதவு சுவிட்ச் போயிடுச்சு, புதுசு வர நாளாகும்னு நேரா கனெக்சன் கொடுத்துட்டாரு டீச்சர். சூடு நல்லாத்தான் ஏறுது. அப்படியே வச்சுக்கலாமா?" என்றாள். முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். ஏன் என்பதைப் போனில் சொல்லி முடியவில்லை. சமூக அறிவியல் டீச்சர் ஆயிற்றே, எதைக் கேட்டாலும் நான் வரலாற்றிலிருந்துதான் தொடங்குவேன். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் கவுஞ்சியில் நான் சிறுமியாக இருந்தபோது அடுப்பு என்றால் விறகடுப்பு மட்டும்தான். சீகையும் யூகலிப்டஸும் எரியும். குளிருக்குப் பயந்து கதவு, சன்னல் எல்லாம் சாத்தியே இருக்கும். அடுப்புக்கு மேலே பூண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, நம் கொடைக்கானல் மலைப்பூண்டு, அது புகை பட்டால் பல மாதம் கெடாது. பூண்டைக் காத்த அந்தப் புகைதான் அம்மாக்களின் நெஞ்சைக் கெடுத்தது. வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது.

ஆனாலும் விறகடுப்பில் ஒரு நல்ல குணம் உண்டு. அதன் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். தீ தெரியும், புகை கண்ணைக் கரிக்கும், குழந்தைகூடத் தள்ளி நிற்கும். அதற்குப் பின் வந்த அடுப்புகளில் ஆபத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்கு மறைந்தது. மறைந்ததைக் காட்டிக்கொடுக்க ஒரு மணமோ, வால்வோ, சுவிட்சோ சேர்க்க வேண்டி வந்தது. அவற்றில் பல, யாரோ உயிரை விட்ட பிறகு சேர்க்கப்பட்டவை. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் மண்ணெண்ணெய். காற்றடிக்கும் பம்ப் ஸ்டவ்வை 1892-இல் சுவீடனில் செய்தார்கள். பிரைமஸ் என்ற கம்பெனிப் பெயரே அந்த ஸ்டவ்வுக்கும் பெயராகிவிட்டது. ரேஷன் மண்ணெண்ணெயும் ஸ்டவ் பின்னும் இல்லாத வீடு ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் குறைவு. எரியும்போதே எண்ணெய் ஊற்றுவது, அளவுக்கு மேல் பம்ப் அடிப்பது, அடைப்பெடுக்காமல் பற்றவைப்பது என்று விபத்துக்கு வழிகள் நிறைய இருந்தன. "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி" என்ற செய்தியைப் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது.

இதில் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. அந்தச் செய்திகளில் சில விபத்தே அல்ல, வரதட்சணைக் கொலைகள். ஸ்டவ்வின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்தார்கள். அதனால்தான் 1983-இல் சட்டம் திருத்தப்பட்டு, திருமணமான 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் சந்தேகப்படும்படி இறந்தால் நிர்வாக நடுவர் நேரில் விசாரிக்க வேண்டும் என்று வந்தது. நம் ஊரில் ஆர்.டி.ஓ. விசாரணை என்கிறோமே, அது இதுதான். 1986-இல் வரதட்சணை மரணத்துக்கென்றே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304பி பிரிவு சேர்க்கப்பட்டது. அடுப்படிப் பாதுகாப்பு என்றால் கருவிகளின் பாதுகாப்பு மட்டும் அல்ல என்பதை என் மாணவிகள் மறக்கக் கூடாது.

அடுத்து பிரஷர் குக்கர். மலையில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். கொடைக்கானல் உயரத்தில், அதாவது சுமார் 2,100 மீட்டரில், தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. 1679-இல் டெனிஸ் பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் மூடி இறுக்கிய பாத்திரத்தில் நீராவியை அடைத்துச் சமைத்துக் காட்டினார். அடைத்த நீராவி பாத்திரத்தையே உடைத்துவிடும் என்பது தெரிந்து, பாதுகாப்பு வால்வையும் அவரே சேர்த்தார். 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நம் குக்கர் மூடியில் இருப்பது அதே யோசனைதான். அந்த வால்வு உருகிவிட்டால், கடையில் கிடைத்த எதையோ வைத்து அடைக்காதீர்கள். அதே கம்பெனி வால்வையே வாங்கிப் போடுங்கள்.

பிறகு காஸ். இந்தியன் ஆயில் நிறுவனம் இண்டேன் என்ற பெயரில் முதல் இணைப்பை 1965-இல் கொல்கத்தாவில் கொடுத்தது. நம் மாநில அரசு 2006-க்குப் பிறகு கொடுத்த இலவசக் காஸ் அடுப்பும், மத்திய அரசு 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டமும் வந்த பிறகுதான் கிராமத்து அடுப்படிகளில் சிலிண்டர் சாதாரணமானது.

காஸ் கசிந்தால் ஒரு நாற்றம் வருமே, அது காஸின் சொந்த மணம் அல்ல. சுத்தமான காஸுக்குப் பெரிதாக மணமே கிடையாது. எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து வேண்டுமென்றே நாற வைக்கிறார்கள். இதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்தின் கதை இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர். 1937 மார்ச் 18 அன்று, பள்ளிவிடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கட்டடத்துக்கு அடியில் கசிந்து நிறைந்திருந்த எரிவாயு ஒரு மின்பொறியில் வெடித்தது. குழந்தைகளும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். வாயுவுக்கு மணம் இல்லாததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகுதான் எரிவாயுவில் மணம் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. பிற்பாடு அது உலக வழக்கமானது. இன்று உங்கள் மூக்கு உங்களைக் காப்பாற்றுகிறது என்றால், அதற்கு அந்தப் பிள்ளைகள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

நம் ஊரிலும் பள்ளிக்கூடமும் அடுப்பும் சேர்ந்த ஒரு துயரம் உண்டு. 2004 ஜூலை 16, கும்பகோணம். சத்துணவு சமைத்த கீற்றுக் கொட்டகையில் பற்றிய தீ மேலே வகுப்பறைக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். அப்போது வேலையில் இருந்த எந்த ஆசிரியருக்கும் அந்த நாள் மறக்காது. அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. சமைக்கும் இடமும் பிள்ளைகள் இருக்கும் இடமும் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதை நாம் அவ்வளவு தாமதமாகத்தான் கற்றோம்.

மலையில் இருப்பவர்களுக்குக் குறிப்பாக மூன்று செய்திகள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். குளிருக்காக எல்லாவற்றையும் சாத்தி வைத்த வீட்டில் அது வெளியே போக வழி இருக்காது. நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். இரண்டாவது, மார்கழிக் குளிரில் காஸ் சரியாக வரவில்லை என்று சிலிண்டரை வெந்நீரில் நிறுத்துவது, அடுப்பருகே சாய்த்து வைப்பது எல்லாம் அறவே கூடாது. மூன்றாவது, கரி அடுப்பைக் குளிர்காய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இளைஞர்கள் இருவர் பார்பிக்யூ அடுப்புக் கரி அறைக்குள் கனன்றபடி இருக்கத் தூங்கி, எழுந்திருக்கவே இல்லை என்று செய்தி வந்ததே, நினைவிருக்கும். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கு மணம் சேர்க்க யாராலும் முடியாது.

இப்போது மைக்ரோவேவுக்கு வருகிறேன். இது போர்க்களத்தில் இருந்து அடுப்படிக்கு வந்த கருவி. 1940-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டால், பூட் என்ற இருவர் எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கும் ரேடாருக்காகப் புதுவகை மேக்னட்ரான் குழாயைச் செய்தார்கள். அந்தக் குழாய்களை அமெரிக்காவில் தயாரித்த ரேதியான் கம்பெனியில் பெர்சி ஸ்பென்சர் என்றொரு பொறியாளர். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். 1945-இல் ஓடும் மேக்னட்ரான் அருகே நின்றபோது அவர் பையில் இருந்த மிட்டாய் உருகியது. அதைக் கவனித்து, சோளத்தை வைத்துப் பொரித்தார். முட்டையை வைத்தபோது அது வெடித்துச் சிதறியது. முழு முட்டையை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்ற பாடம் அந்தக் கருவிக்குப் பெயர் வைக்கும் முன்பே வந்துவிட்டது!

1947-இல் விற்பனைக்கு வந்த முதல் கருவி ஓர் ஆள் உயரம், சுமார் 340 கிலோ. வீட்டு மேசையில் வைக்கும் அளவில் 1967-இல்தான் பரவலாக வந்தது. வீட்டுக்குள் வந்ததும் கேள்விகளும் வந்தன. கதவிடுக்கில் அலை கசிந்தால்? 1971-இல் அமெரிக்க அரசு ஒரு விதி போட்டது. கதவிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் கசிவு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. கதவு திறந்தால் அலை உடனே நிற்கும்படி ஒன்றுக்கு இரண்டாகத் தனித்தனிப் பூட்டுச் சுவிட்சுகள் இருக்க வேண்டும்.

என் மாணவி வீட்டு மைக்ரோவேவில் தாண்டிக் கனெக்சன் கொடுக்கப்பட்டது அந்தச் சுவிட்சைத்தான். கதவுக் கண்ணாடிக்குள் இருக்கும் உலோக வலை அலையை உள்ளேயே தடுக்கும். கதவு திறந்தபடி ஓடினால் அது சோற்றைச் சூடாக்குவதுபோல எதிரே நிற்பவர் உடம்பையும் சூடாக்கும். நம் கண்ணுக்கு அந்தச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வசதி குறைவு. அலைக்கு நிறம், மணம், சத்தம் எதுவும் இல்லை. காட்டிக்கொடுக்கவும் தடுக்கவும் இருந்த ஒரே ஆள் அந்தச் சிறு சுவிட்ச்தான். "சூடு நல்லாத்தான் ஏறுது" என்பது அதற்குப் பதிலாகாது.

அதே சமயம் வீண் பயமும் வேண்டாம். கருவி அணைந்ததும் அலையும் இல்லாமல் போய்விடும். உணவில் கதிர்வீச்சு தங்காது. நல்ல நிலையில் உள்ள மைக்ரோவேவ் பாதுகாப்பானதுதான். சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள்.

எவர்சில்வர் டம்ளர், அலுமினியத் தாள், தங்கக்கோடு போட்ட தட்டு உள்ளே போகக் கூடாது, பொறி பறக்கும். உள்ளே ஒன்றும் வைக்காமல் ஓட்டாதீர்கள். தண்ணீரை வழவழப்பான கோப்பையில் அதிக நேரம் சூடாக்கினால் கொதிக்காததுபோல் அமைதியாக இருந்து, காப்பித்தூள் போட்டதும் பொங்கி முகத்தில் அடிக்கும். ஒரு மரக்கரண்டியைப் போட்டு வையுங்கள். குழந்தைப் பாலை அதில் சூடாக்க வேண்டாம். பாட்டில் வெளியே இளஞ்சூடாக இருக்கும், உள்ளே ஒரு பக்கம் நாக்கு வெந்துவிடும். உள்சுவரில் இருக்கும் மைக்கா தகட்டில் உணவு தெறித்துக் கருகினாலும் பொறி வரும். துடைத்து வையுங்கள், கருகியதை மாற்றுங்கள். உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காமல் சுவிட்சை அணையுங்கள். காற்று கிடைக்காமல் தானே அணையும். எர்த் உள்ள தனி பவர் பிளக்கில் மட்டும் போடுங்கள், எக்ஸ்டென்சன் வயர் வேண்டாம். மூடியைக் கழற்றி வீட்டிலேயே ரிப்பேர் பார்க்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

எந்த அடுப்பில் சுட்டுக்கொண்டாலும் முதல் வைத்தியம் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். மாவு, பேஸ்ட், மை எதுவும் வேண்டாம். கவுஞ்சியிலிருந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அந்த நேரத்தில் கைகொடுக்கப் போவது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்த பாடம் மட்டும்தான்.

ரிடையர் ஆனாலும் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடமாட்டேன். இன்று இரவு தூங்குவதற்குள் மூன்று காரியம் செய்யுங்கள். காஸ் டியூபில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். 5 ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றுங்கள். குக்கர் வால்வைக் கழுவி, துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மைக்ரோவேவில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து ஓட்டி, பாதியில் கதவு பிடியை இழுங்கள். கதவு திறக்கும் கணமே ஓட்டம் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலையில் கம்பெனி சர்வீசுக்குப் போன் செய்யுங்கள்.

முடித்தவர்கள் "முடிச்சுட்டேன் டீச்சர்" என்று கீழே எழுதுங்கள். வருகைப் பதிவேடு எடுத்து ரொம்ப நாளாகிறது.