கேசட்டுல படம் புடிச்ச பொம்மைக் கேமரா

ஆன்லைன்ல ஒரு கேமரா வாங்கினேன் மக்களே. கட்டைவிரல் சைஸ். விலை 1,400 ரூபாய். டப்பா மேல 'ஃபுல் எச்டி'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. பொட்டி தட்டிப் பொழைக்கிறவனுக்கு, இந்த விலைக்கு அதெல்லாம் நடக்காதுன்னு தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சேதான் வாங்கினேன். அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

எங்க தாத்தாவுக்குத் திருமங்கலத்துல ரேடியோ, டேப்ரிக்கார்டர் ரிப்பேர் கடை. நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப யாரு டேப்ரிக்கார்டர் தூக்கிட்டு வர்றாங்க? அந்த மாசக் கடைசியோட கடையைக் காலி பண்றதா முடிவு பண்ணிட்டார். அதுக்கு முன்னாடி அவர் வேலை செய்யறதை ஒரு தடவையாவது வீடியோ எடுத்து வெச்சுடணும்னு எனக்கு ஆசை. ஃபோன்ல எடுக்கலாம்தான். ஆனா ஃபோனை நீட்டினா "போட்டோவாடா?"ன்னு கேட்டு, சட்டை பட்டனைப் போட்டு, ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வெச்சுட்டு, நிமிர்ந்து உக்காந்துடுவார். வேலை நின்னுடும். சின்னக் கேமராவை ஒரு ஓரமா வெச்சா அதை மறந்துட்டு வேலையப் பாப்பார்னு ஒரு கணக்கு. அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் வெச்சேன்.

முதல் வாரம் ஊருக்குப் போய், கடை முழுசும் தெரியட்டும்னு மேல் பலகையில கேமராவை வெச்சேன். நாப்பது நிமிஷம் ஓடுச்சு. வந்து பார்த்தா... அவ்வ்வ். வாசல் வெளிச்சம் பின்னாடி இருந்து அடிச்சதுல தாத்தா கருப்பு நிழல். கை ரெண்டும் கலங்கின புள்ளி. சத்தத்துல ஃபேன் மட்டும்தான் கேக்குது. கையில இன்னும் ஒரே ஒரு வார விடுமுறை பாக்கி.

சென்னைக்குத் திரும்புற பஸ்ல தூக்கம் வரலை. மட்டமான கேமராவுல நல்லா எடுத்தவன் உலகத்துல எவனாவது இருக்கானான்னு தேடிக்கிட்டே வந்தேன். இருந்தாங்க. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொசுவத்தியை 1987க்குச் சுத்துங்க.

விளையாட்டுச் சாமான் கடையில ஒரு கேமரா

அப்பல்லாம் அமெரிக்காவுலயே வீடியோ கேமரான்னா தோள்ல தூக்கி வெச்சுக்கிற சமாச்சாரம். விலை ஆயிரம் டாலர் பக்கம். அந்தச் சமயத்துல ஜேம்ஸ் விக்ஸ்டெட்ங்கிற வடிவமைப்பாளரோட குழு, குழந்தைகளுக்குன்னு ஒரு வீடியோ கேமராவை உருவாக்குச்சு. பொம்மை செய்யற ஃபிஷர்-பிரைஸ் கம்பெனி அதை வாங்கி, 1987ல பிஎக்ஸ்எல்-2000ங்கிற பேர்ல சந்தைக்குக் கொண்டுவந்துச்சு. சும்மா கேமரா மட்டும்னா சுமார் 100 டாலர். கூடவே குட்டி கருப்பு வெள்ளை டிவி வேணும்னா 179 டாலர்.

விலை இவ்வளவு குறைஞ்சது எப்படி? அதுலதான் விஷயமே இருக்கு. இந்தக் கேமரா வீடியோ டேப்புல பதியலை. நாம பாட்டு கேட்டோமே, அதே சாதா ஆடியோ கேசட்டுல பதிஞ்சுச்சு!

இதுல என்ன கஷ்டம்னு கொஞ்சம் பொறியியல் பேசிக்கிறேன், பொறுத்துக்கோங்க. நல்ல டேப்ரிக்கார்டர்ல ஒரு கேசட் பதியற சத்தம் நொடிக்கு சுமார் 15,000 அதிர்வு வரைக்கும் போகும். அமெரிக்க டிவி படத்துக்கோ 40 லட்சம் அதிர்வுக்கு மேல வேணும். வி.எச்.எஸ்.காரங்க இதுக்கு டேப்பை மெதுவா ஓட விட்டு, ஹெட்டை ஒரு உருளையில பொருத்தி நிமிஷத்துக்கு 1,800 சுத்து சுத்த விட்டாங்க. அந்த உருளை துல்லியமா இருக்கணும், அதனால விலையும் ஜாஸ்தி. பொம்மைக் கேமராவுல அதெல்லாம் கட்டுப்படியாகாது. ஹெட் அசையாம நின்னுச்சு. அதுக்குப் பதிலா டேப்பை ஒன்பது மடங்கு வேகத்துல ஓட விட்டாங்க. நொடிக்கு 43 சென்டிமீட்டர் டேப் ஓடும்.

ஒன்பது மடங்கு ஓட்டினாலும் 1,35,000 அதிர்வு பக்கம்தான் தேறும். 40 லட்சம் எங்க, இது எங்க? அப்ப படத்தைத்தான் சுருக்கணும். கலரைத் தூக்கினாங்க. படத்தை அகலத்துல 120, உயரத்துல 90 புள்ளியாக் குறைச்சாங்க. நொடிக்கு 15 ஃப்ரேம் போதும்னாங்க. பெருக்கிப் பாருங்க: 120 × 90 × 15 = 1,62,000 புள்ளி. ஒரு அதிர்வுல ஒரு வெள்ளை, ஒரு கருப்புன்னு ரெண்டு புள்ளி வெக்கலாம்ங்கிறதால 81,000 அதிர்வு. உள்ள அடங்கிடுச்சு! (தோராயக் கணக்குதான். பதியற முறைக்கும் கொஞ்சம் இடம் வேணும்.) ஸ்டீரியோ கேசட்டுல ரெண்டு தடம் இருக்குமில்லையா, இடது தடத்துல படம், வலது தடத்துல சத்தம். டிவியில போட்டுப் பார்க்கும்போது படத்தைச் சுத்தி அகலமா ஒரு கருப்புச் சட்டம் வரும். 10,800 புள்ளியை முழுத் திரைக்கும் இழுத்தா சகிக்காதுங்கிறதால அந்த ஏற்பாடு.

90 நிமிஷக் கேசட்டுல ஒரு பக்கத்துக்கு 5 நிமிஷம்தான் எடுக்க முடியும். மோட்டார் ஓடுற சத்தம் வேற உள்ள கேக்கும். டிவியில கலர் கார்ட்டூன் பார்த்துப் பழகின குழந்தைங்களுக்கு இந்த மங்கலான கருப்பு வெள்ளை எப்படிப் பிடிக்கும்? எதிர்பார்த்த மாதிரி விக்கலை. கொஞ்ச காலத்துலயே கம்பெனி தயாரிப்பை நிறுத்திடுச்சு.

மில்வாக்கியில ஒரு அறை

இங்கதான் கதை திரும்புது. ஜேம்ஸ் பென்னிங்னு ஒரு அமெரிக்கப் பரிசோதனைப் பட இயக்குநர். அவர் தன் பிள்ளை சேடி பென்னிங்குக்குக் கிறிஸ்துமஸ் பரிசா இந்தக் கேமராவைக் கொடுத்தார். சேடிக்கு அப்ப பதினைஞ்சு வயசு பக்கம். நிஜ வீடியோ கேமரா வரும்னு எதிர்பார்த்தவருக்குப் பொம்மை வந்ததுல ஏமாத்தம்தான். ஆனா மில்வாக்கி வீட்டுல, தன்னோட அறைக்குள்ளயே அதை வெச்சு எடுக்க ஆரம்பிச்சார். 1989லயே முதல் படங்கள் வந்துடுச்சு.

என்ன எடுத்தார்? இந்தக் கேமராவுக்கு ஃபோகஸ் திருகற வேலையே கிடையாது. லென்ஸ் நிலையானது. ஆனா மூக்குக்கு முன்னாடி ரெண்டு அங்குலத்துல கொண்டுபோனாலும் உருவம் தெரியும். தூரத்துல இருக்கறதெல்லாம் கஞ்சி மாதிரி ஆகிடும். அதனால பென்னிங் தூரத்துப் பக்கமே போகலை. ஒரு கண்ணு, ஒரு வாய், ஒரு விரல், பொம்மைக் கார். கையால எழுதின காகிதத்தை லென்ஸ் முன்னாடி நகர்த்தி, ஒவ்வொரு வார்த்தையா காட்டுவார். மொத்த வரியும் 120 புள்ளிக்குள்ள அடங்காதில்லையா!

சொன்ன விஷயம் அதைவிட முக்கியம். தனக்குப் பெண்கள் மேலதான் காதல் வருதுங்கிறதை, அதை வெளியில சொல்ல முடியாத வயசுல, கேமராகிட்ட மட்டும் ரகசியம் மாதிரி பேசறார். நல்ல வெளிச்சத்துல, பளிச்சுன்னு கலர்ல எடுத்திருந்தா அது பேட்டி மாதிரி இருந்திருக்கும். இந்த மங்கல்ல, இவ்வளவு கிட்டத்துல பார்க்கும்போது காதுல வந்து சொல்ற மாதிரி இருக்கு. 1993ல நியூயார்க் விட்னி மியூசியத்தோட பைஎன்னியல் கண்காட்சியில இவரோட வீடியோக்களைக் காட்டினாங்க. இருபது வயசு கூட முழுசா ஆகியிருக்காது. எடுத்தது, குழந்தைங்க வேணாம்னு ஒதுக்கின கேமராவுல.

அப்புறம் பெரியவங்களும் வந்தாங்க. மைக்கேல் அல்மரெய்டா 1992ல 'அனதர் கேர்ள் அனதர் பிளானட்'ங்கிற படத்தை முழுக்க இந்தக் கேமராவுலயே எடுத்தார். 1994ல வந்த அவரோட 'நாட்ஜா' நியூயார்க்ல சுத்துற ரத்தக்காட்டேரி கதை. டேவிட் லின்ச் நிர்வாகத் தயாரிப்பாளர். பெரும்பகுதி 35 மி.மீ. ஃபிலிம். ரத்தக்காட்டேரி கண்ணுல உலகம் எப்படித் தெரியும்னு காட்ட மட்டும் பொம்மைக் கேமரா. மனுஷக் கண்ணுக்கு ஒரு தரம், பேய்க் கண்ணுக்கு வேற ஒரு தரம்! குறைன்னு நினைச்ச மங்கலே அங்க அர்த்தமா மாறிடுச்சு.

டென்மார்க்ல ஒரு விருந்து

இது அந்த ஒரு கேமராவோட அதிர்ஷ்டமா இருக்கலாமேன்னு நானும் சந்தேகப்பட்டேன். பொம்மை இல்லாத சாதாக் கேமராவுலயும் இது நடந்திருக்கான்னு தேடினேன். 1998ல வந்த 'ஃபெஸ்டன்'ங்கிற டேனிஷ் படம் கிடைச்சுது. இயக்கம் தாமஸ் விண்டர்பெர்க். 1995ல இவரும் லார்ஸ் வான் ட்ரையரும் சேர்ந்து 'டோக்மே 95'னு சில விதி போட்டாங்க. கேமரா கையிலதான் இருக்கணும், தனியா லைட் போடக்கூடாது, செட் போடக்கூடாது, இப்படி. அந்த விதிப்படி வந்த முதல் படம் இது.

ஒளிப்பதிவாளர் ஆன்டனி டாட் மான்ட்டில் இதைக் கல்யாண வீட்டுல மாமா வெச்சிருப்பாரே, அந்த மாதிரி உள்ளங்கை சைஸ் சோனி ஹேண்டிகேம்ல, மினி டிவி டேப்புல எடுத்தார். அப்பாவோட 60வது பிறந்தநாள் விருந்து. மூத்த மகன் எழுந்து, சின்ன வயசுல அப்பா தங்களை என்ன கொடுமை செஞ்சார்னு எல்லார் முன்னாடியும் சொல்றான். பெரிய கேமராவும் லைட்டும் இருந்தா நடிகர்களுக்கு நடுவுல அப்படிப் புகுந்து வந்திருக்க முடியாது. மெழுகுவர்த்தி வெளிச்சத்துல வர்ற புள்ளி புள்ளியான படம், அழைக்காமலே விருந்துக்குள்ள வந்த ஒருத்தன் பார்க்கிற மாதிரி இருக்கும். கான் விழாவுல அந்த வருஷம் ஜூரி பரிசு.

அதே டாட் மான்ட்டில்தான் பத்து வருஷம் கழிச்சு 'ஸ்லம்டாக் மில்லியனர்'ல மும்பை சந்துக்குள்ள சின்ன டிஜிட்டல் கேமராவோட ஓடினவர். (அது மலிவு இல்லை, சின்னது. அவ்வளவுதான்.) 2009 ஆஸ்கர் மேடையில நம்ம ரஹ்மான் ரெண்டு கையிலயும் விருதோட நின்னப்ப, ஒளிப்பதிவுக்கான விருதை இவர் வாங்கியிருந்தார்.

மறுபடியும் திருமங்கலம்

இவ்வளவையும் படிச்சு முடிச்சப்ப எனக்கு ஒண்ணு உறைச்சுது. இவங்க யாரும் மட்டமான கேமராவை நல்ல கேமரா மாதிரி காட்ட முயற்சி பண்ணலை. அதால என்ன முடியாதுன்னு முதல்ல கண்டுபிடிச்சு, அதை எடுக்காம விட்டாங்க. எது முடியுமோ அதுக்கேத்த விஷயத்தைத் தேடினாங்க. நான் அதுக்கு நேர்மாறாப் பண்ணியிருக்கேன். கடை முழுசையும் அந்தக் கட்டைவிரலுக்குள்ள திணிக்கப் பார்த்தேன்.

அதனால முதல்ல சோதனை. ஒரு நியூஸ்பேப்பரைச் சுவத்துல ஒட்டி, கேமராவை அரை அடி, ஒரு அடி, ஒன்றரை அடின்னு நகர்த்தி எடுத்தேன். பென்னிங்கோட கேமரா மாதிரி இது இல்லை. ஒரு அடிக்குள்ள போனா மங்கல். ஒன்றரை அடியில எழுத்து சுத்தமா வந்துச்சு. மூணு அடி தாண்டினா மறுபடி கலங்கல். ஆக என் கேமராவோட உலகம் ஒன்றரையிலேர்ந்து மூணு அடி. வெளிச்சம் பின்னாடி இருந்தா கருப்படிக்குது, பக்கத்துல இருந்து வந்தா ஓகே. கையில பிடிச்சா ஆட்டம், வெச்சுட்டா ஆட்டமில்லை. மைக் வேஸ்ட்.

அடுத்த சனிக்கிழமை பழைய கேசட் டப்பாக்களை அடுக்கி, மேல கேமராவை வெச்சேன். தாத்தாவோட மேஜையை வாசலுக்குப் பக்கவாட்டுல திருப்பினேன். ஃபேனை நிறுத்தினேன். அவர் சட்டைப் பையில என் ஃபோனை ரெக்கார்டிங்ல போட்டு வெச்சேன். முகம் வேணாம், கடை வேணாம், கை மட்டும். ஆரம்பத்துல ஒரு கைதட்டு, அப்புறம் சத்தத்தையும் படத்தையும் சேர்க்க.

பெல்ட் அறுந்த ஒரு பழைய டூ-இன்-ஒன்னைப் பிரிச்சார். அப்பத்தான் பேச்சோட பேச்சா பொம்மைக் கேமரா கதையைச் சொன்னேன். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால ஹெட்டைத் துடைச்சுக்கிட்டே கேட்டார். நிமிந்து பார்க்காம, "ஒன்பது மடங்கு ஓட்டினா ஹெட் சீக்கிரம் தேய்ஞ்சுபோகுமேடா"ன்னார். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச எனக்கு அந்தக் கேள்வி வரலை :-)

22 நிமிஷம் எடுத்தேன். ராத்திரி பார்த்தப்பதான் கவனிச்சேன். தாத்தாவுக்கு இப்ப கை நடுங்குது. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும்போது நடுங்குது, கொண்டுபோகும்போது நடுங்குது. முனை ஸ்க்ரூவைத் தொட்ட உடனே நின்னுடுது. திருகி முடிக்கிற வரைக்கும் அசைவே இல்லை. எடுத்ததும் மறுபடி நடுக்கம். நேர்ல இத்தனை வருஷம் பார்த்திருக்கேன், இது என் கண்ணுல பட்டதே இல்லை. கடை முழுசும் தெரிஞ்சிருந்தா இப்பவும் பட்டிருக்காது.

கடையைக் காலி பண்ணியாச்சு. வீடியோ இருக்கு. உங்க வீட்டுலயும் இப்படி ஒரு கை இருக்கும். நல்ல கேமரா வாங்கற வரைக்கும் காத்திருக்காதீங்க. கையில இருக்கறதால எவ்வளவு தூரம் பார்க்க முடியும்னு ஒரு நியூஸ்பேப்பரை ஒட்டிப் பாருங்க. எடுத்தா பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க.