ஒரு பெயர், பல பெருமக்கள்

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல் தமிழர்தம் பழவழக்கம். பெயரைத் தாங்கியவன் என்னும் பொருளிலேயே 'பெயரன்' என்கிறோம். இதனால் குடியின் நினைவு நிலைபெறும். ஆயினும் காலம் செல்லச் செல்ல, ஒரே பெயருடைய பலரை ஒருவராகவே கருதும் இடரும் நேரும். இதற்குத் தக்க சான்று, ஹெப்பாளில் குடியேறி வாழும் நமக்கு அண்மையிலேயே, காவிரிக் கரையில் உள்ளது.

சோழர் இராசராசபுரம் எனப் பெயரிட்ட தலைக்காடு, அதற்கு முன் கங்க மன்னரின் தலைநகராய்த் திகழ்ந்தது. நான்காம் நூற்றாண்டில் அக்குலத்தை நிறுவியவன் கொங்கணிவர்மன் மாதவன். அவன் மைந்தனும் மாதவனே. தத்தக சூத்திரத்திற்கு உரை கண்டவன் எனப் புகழப்படுபவன். பின்னர் வந்தவன் தடங்கால மாதவன். அரசர் மூவர், பெயர் ஒன்று.

ஆயிரம் ஆண்டுகள் கழிந்தன. பதினான்காம் நூற்றாண்டில் விசயநகரத்தில் மாதவர் இருவர் விளங்கினர். ஒருவர் மாயணரின் மைந்தர், பாரத்துவாச கோத்திரத்தினர், வேதங்களுக்கு உரை வரைந்த சாயணரின் தமையனார். இவரே துறவு பூண்டு சிருங்கேரி வித்தியாரண்யர் ஆனார் என்பது மரபு. மற்றவர் சவுண்டரின் மைந்தர்; ஆங்கிரச கோத்திரத்தினர்; கிரியாசக்தி என்னும் சைவ ஆசாரியரின் மாணவர்; கோவாவை வென்று ஆண்ட படைத்தலைவர். சூத சங்கிதைக்கு உரை எழுதியவரும் இவரே. தலைக்காட்டிற்கு அருகே காவிரியின் குறுக்கே அமைந்த பழைய அணை, இன்றும் மாதவ மந்திரியின் பெயராலேயே வழங்குகிறது.

இருவரும் ஒரே காலத்தவர், அரசவைத் தொடர்புடையோர், நூலாசிரியர். எனவே ஒருவரின் வாளும் மற்றவரின் துறவும் ஒருவர்மேலேயே ஏற்றப்பட்டன. இவ்விருவரையும் அறிஞர் பிரித்தறியத் துணைநின்றவை யாவை? கல்வெட்டும் நூலும் கூறும் தந்தை பெயர், கோத்திரம், ஆசிரியர் பெயர் ஆகியவையே.

தொலைவிலுள்ள அயர்லாந்திலும் இந்நிலையே. கொல்மான் என்னும் பெயருடைய துறவியர் அங்கு மிகப் பலர். ஆறாம் நூற்றாண்டில் அப்பெயரோடு அரசன் ஒருவனும் இருந்தான். 664-இல் விட்பி அவையில் வாதிட்ட ஆயர் ஒருவரும் இருந்தார். மகன் எனப் பொருள்படும் 'மாக்' என்னும் சொல்லோடு தந்தை பெயரைச் சேர்த்தும், ஊரைச் சுட்டியும் அம்மக்கள் வேறுபாடு காட்டினர்.

இம்முறையை நம் முன்னோரும் நன்கு அறிந்திருந்தனர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், மாங்குடி மருதனார், மதுரை மருதன் இளநாகனார் என்னும் பெயர்களை நோக்குக. ஊரும் தந்தையும் தொழிலும் பெயரோடு இணைந்தே நிற்கின்றன.

புலம்பெயர்ந்த நாம், பிள்ளைகளின் பெயருக்கு முன்னுள்ள தலைப்பெழுத்தைப் பள்ளிப் பதிவேட்டிற்குரிய ஓர் எழுத்தாகவே எண்ணிவிடுகிறோம். அவ்வெழுத்தின் பின்னே ஒரு தந்தையும், ஓர் ஊரும், ஒரு வரலாறும் உள்ளன. அவற்றை முழுமையாகச் சொல்லிக் கொடுப்போம். பெயரைப் பேரன் தாங்குவான். அப்பெயர் யாருடையது என்பதை நாம்தான் உரைத்தல் வேண்டும்.