பேண்டு இசைத்தாள்கள்: காதும் ஏடும்

சுதந்திர நாளிலும் குடியரசு நாளிலும் சேலம், நாமக்கல் மாவட்டப் பள்ளிகளின் அணிவகுப்பில் முன்னால் நடப்பது பேண்டு வாத்தியக் குழு. திருமண ஊர்வலங்களிலும் ஊர்த் திருவிழாக்களிலும் 'பேண்டு செட்' இடம்பெறுவது இப்பகுதியில் பழகிய காட்சி. இத்தகைய குழுவில் ஒவ்வொரு கருவியும் வாசிக்க வேண்டிய சுரங்களை எழுதிய தாள் இசைத்தாள் எனப்படும். ஒரு பாடலைப் பல கருவிகளுக்கும் பிரித்து எழுதும் வேலை இசைக்கோப்பு. இந்த எழுத்துமுறை தமிழகத்துக்கு வந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் பல பேண்டு குழுக்கள் இன்றும் கேள்வி ஞானத்தை நம்பியே வாசித்து வருகின்றன. அதற்கான காரணத்தை இவ்வரலாறு விளக்கும்.

இசைத்தாளின் தேவை

நம் மரபிசையில் பாடுபவரும் பக்கவாத்தியக்காரரும் ஒரே மெட்டைப் பின்பற்றுவர். குரு பாட, சீடர் திரும்பப் பாடிக் கற்பர். ஆகவே சுரக்குறிப்பு நினைவுக்குத் துணையாக இருந்தாலே போதும். பேண்டில் நிலைமை வேறு. டிரம்பெட் மெட்டை வாசிக்கும்போது யூபோனியம் கீழ்ச்சுரங்களில் வேறொரு வரியை வாசிக்கும். கிளாரினெட் இன்னொரு வரியை வாசிக்கும். இவை தாளம் பிசகாமல் இணைய வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பி-பிளாட் கிளாரினெட்டில் 'சி' என்று எழுதியிருப்பதை வாசித்தால் ஆறரைக் கட்டைச் சுருதி ஒலிக்கும். அதே குறியை இ-பிளாட் ஆல்ட்டோ சாக்சபோனில் வாசித்தால் இரண்டரைக் கட்டை ஒலிக்கும். இருவரும் ஒரே தாளைப் பார்த்து வாசித்தால் சுருதி சேராது. எனவே ஒரே மெட்டையே கருவிக்கேற்பச் சுரம் மாற்றித் தனித்தனித் தாளில் எழுத வேண்டும். இதை அறிந்தவரே இசைக்கோப்பாளர்.

தஞ்சை அரண்மனை பேண்டு

கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளோடு பேண்டு இசையும் தென்னாட்டுக்கு வந்தது. 1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டன. பம்பையும் தவிலும் தப்பட்டையும் ஒலித்துவந்த இச்சமவெளி, டிரம்மும் குழலும் முழங்கும் படையணிகளைக் கண்ட காலம் அது.

தமிழ் மன்றங்களில் இவ்விசைக்கு இடம் தந்தவர்களில் முதன்மையானவர் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி (ஆட்சி 1798–1832). சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி பயின்ற இம்மன்னர், அரண்மனையில் மேற்கத்திய முறைப் பேண்டு ஒன்றை அமைத்தார். அவர் காலத்து மேற்கத்திய இசைத்தாள்கள் தஞ்சை சரசுவதி மகால் நூலகச் சேகரிப்பில் இடம்பெற்றுள்ளன. ஓலைச்சுவடிகளோடு ஐந்து கோட்டு இசைத்தாள்களும் ஒரே கூரையின்கீழ் பாதுகாக்கப்படுவது தமிழக இசை வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

நோட்டுசுவரங்கள்

இதே காலத்தில் சென்னையில் வேறொரு பரிமாற்றம் நடந்தது. முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் மணலி முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அம்மெட்டுகளுக்கு அவர் வடமொழியில் பக்திப் பாடல்கள் இயற்றினார். முப்பதுக்கும் மேற்பட்ட இப்பாடல்கள் நோட்டுசுவரங்கள் எனப்படுகின்றன. 'நோட்' என்ற ஆங்கிலச் சொல்லே இப்பெயருக்கு மூலம். 'சந்ததம் பாஹிமாம்' என்பது அன்றைய பிரிட்டிஷ் நாட்டுப்பண்ணின் மெட்டில் அமைந்தது. தீட்சிதரின் தம்பி பாலுசாமி வயலின் கற்று, அக்கருவியைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவரானார்.

தீட்சிதர் பேண்டு மெட்டுகளைக் காதால் கேட்டு உள்வாங்கினார். பின்னாளில் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இயற்றி, மதுரை மணி ஐயர் புகழ்பெறச் செய்த 'இங்கிலீஷ் நோட்' இதன் தொடர்ச்சியே. நாகசுரக் கச்சேரிகளின் நிறைவில் இங்கிலீஷ் நோட் வாசிக்கும் பழக்கமும் ஏற்பட்டது.

சின்னசாமி முதலியாரின் முயற்சி

எதிர்த்திசையில், நம் பாடல்களை ஐந்து கோட்டுத் தாளில் ஏற்றப் பெருமுயற்சி செய்தவர் அ. மா. சின்னசாமி முதலியார். சென்னை அரசுத் தலைமைச் செயலகத்தில் பணியாற்றிய இவர், 1893இல் 'ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்' என்ற வெளியீட்டைக் கொண்டுவந்தார். தியாகராசரின் சீடர் மரபினரிடம் கேட்டுக் கீர்த்தனைகளைச் சுரப்படுத்தினார். நோட்டுசுவரங்களும் அதில் இடம்பெற்றன. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் நம் இசையை வாசிக்க முடிய வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

இப்பணியில் ஓர் இடர் இருந்தது. கமகம் நம் இசையின் உயிர். ஐந்து கோட்டுக் குறிகள் ஒரு சுரம் நிற்கும் இடத்தைக் காட்டும். அது அசையும் விதத்தை முழுமையாகக் காட்டா. சின்னசாமி முதலியாரின் தூண்டுதலும் சேர, எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கமகங்களுக்கெனத் தனிக்குறிகள் அமைந்தன.

நாட்டுப்பண்ணும் பேண்டும்

இசைத்தாளின் தேவை நாட்டின் முடிவு ஒன்றிலும் பங்கு பெற்றது. 1919இல் இரவீந்திரநாத் தாகூர், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு வந்து, அங்குள்ள கல்லூரியில் 'ஜன கண மன' பாடினார். மேற்கத்திய இசை அறிந்த மார்கரெட் கசின்ஸ் அம்மெட்டுக்கு அங்கே சுரக்குறிப்பு எழுதினார்.

1947இல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கூடியபோது, அங்குள்ள இசைக்குழு வாசிப்பதற்கு இந்திய நாட்டுப்பண் எது என்று நம் தூதுக்குழுவிடம் கேட்கப்பட்டது. குழுவினரிடம் 'ஜன கண மன' இசைத்தட்டு இருந்தது. இசைக்குழுவினர் அதைக் கேட்டுப் பயின்று வாசித்தனர், பலரும் பாராட்டினர். 1948 ஆகஸ்டில் நேரு அரசியல் நிர்ணய சபையில் இந்நிகழ்ச்சியைக் கூறி, பேண்டுக்கும் இசைக்குழுவுக்கும் பொருந்தும் தன்மையை ஒரு முக்கிய காரணமாக எடுத்துரைத்தார். 1950 ஜனவரி 24 அன்று 'ஜன கண மன' நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டது. ஏறத்தாழ 52 விநாடிகளில் அது நாடெங்கும் ஒரே அளவில் ஒலிப்பதற்கு எழுதப்பட்ட இசைக்கோப்பும் துணைநிற்கிறது.

பள்ளிப் பேண்டுகள்

பள்ளிப் பேண்டுகளில் சைடு டிரம், பேஸ் டிரம், சிம்பல், பியூகிள் ஆகியவை மிகுதி. பியூகிளுக்கு அழுத்தும் கட்டைகள் இல்லை. கீழ்ப் பஞ்சமம், சட்சமம், காந்தாரம், பஞ்சமம், மேல் சட்சமம் ஆகிய ஐந்தே அதன் வழக்கமான ஒலிகள். அவற்றைக் கேட்டே கற்றுவிடலாம், தாள் தேவைப்படுவதில்லை. பள்ளிகளில் இசைத்தாள் பரவாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இக்கருவிகளோடு நின்றால் மாணவர்கள் நாள்தோறும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தையே வாசிக்க இயலாது. மனோன்மணீயம் சுந்தரனாரின் இப்பாடல் 1970இல் அரசு விழாக்களுக்கு உரியதாக்கப்பட்டது. மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் இசையமைத்தார். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது, மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாடவேண்டும் என்று அரசாணை வரையறுத்தது. மோகனத்துக்கு வேண்டிய ரிஷபமும் தைவதமும் பியூகிளில் வழக்கமாகக் கிடைக்கும் சுரங்களில் இல்லை. டிரம்பெட், கிளாரினெட் போன்ற கருவிகள் வேண்டும். அவை சேர்ந்து ஒலிக்க இசைத்தாள் வேண்டும்.

தாள் இல்லாத குழுவில் இசைக்கோப்பு முழுவதும் பயிற்றுநரின் நினைவில் இருக்கிறது. அவர் ஓய்வுபெற்றாலோ மாறுதலில் சென்றாலோ அதுவும் அவரோடு சென்றுவிடும். அடுத்த ஆண்டு மாணவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏழாம் வகுப்பில் சேர்ந்த மாணவன் பத்தாம் வகுப்பு முடித்து வெளியேறும்போது, வாசித்த பாடல்கள் சில அவனுக்கு நினைவிருக்கும். புதிய பாடலைத் தானே எடுத்து வாசிக்கும் திறன் கிட்டியிராது.

எழுதத் தெரிவதன் பயனுக்குச் சான்றுகள் நம்மிடமே உள்ளன. இசைக்கோப்பு முழுவதையும் தம் கையாலேயே எழுதும் இளையராஜாவின் சிம்பொனியை 2025 மார்ச்சில் இலண்டனில் ராயல் பில்ஹார்மனிக் இசைக்குழு வாசித்தது. தமிழறியாத கலைஞர்கள் தாளைப் பார்த்து அதை உயிர்ப்பித்தனர். சென்னையில் ஏ. ஆர். ரகுமானின் இசைப்பள்ளி சார்ந்த சன்ஷைன் இசைக்குழுவில், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் மேற்கத்திய இசைக்கருவிகளைக் கற்கின்றனர்.

பள்ளிகள் இதைத் தொடங்கப் பெருஞ்செலவு தேவையில்லை. தீட்சிதர் மறைந்தது 1835இல்; அவருடைய நோட்டுசுவரங்களுக்குக் காப்புரிமைத் தடை இல்லை. அவை சங்கராபரணச் சுரங்களில், கமகம் மிகாமல், குழந்தைகளுக்கு எளிதாக அமைந்தவை. பேண்டைக் கேட்டுப் பிறந்த அப்பாடல்களைக் கருவிவாரியாகப் பிரித்து எழுதி, பள்ளி நூலகத்தில் ஒரு கோப்பாக வைத்தால், பயிற்றுநர் மாறினாலும் அடுத்துவரும் மாணவர்கள் அங்கிருந்தே தொடரலாம்.