ஒரு சொல்லுக்கு எத்தனை இருப்பிடம்?

சொல்லடைவு தொகுத்தவர்களுக்கு இது பழகிய முறைதான். ஒரு சொல் நூலில் நூறு இடங்களில் பயின்று வந்தாலும் அடைவில் அதற்கு ஒரே பதிவு. மற்றவை பாடல் எண்கள். கணினி நிரலில் மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் எழுத்துத் தொடரைச் 'சரம்' என்கிறோம். ஒரே சரம் பத்து இடங்களில் வந்தால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் நினைவகத்தில் பத்துப் படிகள் வைக்க வேண்டுமா, ஒன்று போதுமா? இதற்கான விடை காலந்தோறும் மாறி வந்திருப்பதைக் காண்கிறோம்.

1958இல் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழியில் சரங்களுக்கு முன்பே பெயர்கள் இந்தச் சிக்கலைச் சந்தித்தன. ஒரு பெயர் எத்தனை முறை வந்தாலும் பதிவு ஒன்றே என்று அங்கே முடிவாயிற்று. இரு பெயர்கள் ஒன்றா என்றறிய எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டியதில்லை. அவற்றின் முகவரிகள் ஒத்திருந்தால் போதும்.

பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி இதற்கு நேர்மாறான வழியைக் கொண்டது. கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் வெளியிட்ட நூலின்படி, ஒன்றுபோல் எழுதப்பட்ட சரங்களும் வெவ்வேறானவையே. காரணம், அன்றைய சி மொழியில் சரம் என்பது திருத்தி எழுதக்கூடிய இடம். எம்கேடெம்ப் என்னும் செயற்கூறு, தற்காலிகக் கோப்புக்குப் பெயரிட, தனக்குத் தரப்பட்ட சரத்தின் இறுதியில் உள்ள எக்ஸ் எழுத்துகளை அழித்து அங்கேயே வேறு எழுத்துகளை எழுதிவிடும். அச்சரத்தை இன்னொரு பகுதியும் பகிர்ந்துகொண்டிருந்தால் அதன் சொல்லும் சேர்ந்தே மாறிப்போகும்.

ஆனால் இடம் வேண்டுமே! அக்காலப் பிடிபி-11 கணினியில் ஒரு நிரலின் தரவுக்கு 64 கிலோபைட்டுக்கு மேல் இடமில்லை. 1978இல் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய எக்ஸ்-எஸ்டிஆர் என்னும் கருவி, நிரலிலிருந்து சரங்களைப் பிரித்தெடுத்துப் பொதுக்கோப்பு ஒன்றில் ஒருமுறை மட்டுமே வைத்தது. சரத்தின் முடிவைச் சுழிக்குறி ஒன்று காட்டுவதால், 'பெருங்கடல்' இருந்தால் 'கடல்' தனியே வேண்டாம். பெரிய சொல்லின் நடுவிலிருந்து படித்தால் போதும். ஒரு குறையும் இருந்தது: 'கடல்' முதலில் வந்துவிட்டால் இரண்டுமே சேமிக்கப்பட்டுவிடும். கருவியின் கையேடே இதை ஒப்புக்கொள்வது நமக்குப் பிடித்திருக்கிறது.

1989ஆம் ஆண்டின் ஆன்சி தரநிலை ஒரு சமரசம் கண்டது. ஒன்றா வேறா என்பது கம்பைலரின் விருப்பம். சரத்தைத் திருத்தினால் விளைவுக்கு மொழி பொறுப்பேற்காது. ஜிசிசி கம்பைலர் ஒரே படியை, அதுவும் எழுதத் தடையுள்ள பகுதியில் வைத்தது. எம்கேடெம்புக்கு நேரடியாகச் சரம் தந்திருந்த பழைய நிரல்கள் ஓடும்போதே விழுந்தன. அவற்றுக்காக வைத்திருந்த தனிச் சலுகையும் 2005இல் வந்த 4.0 பதிப்பில் நீக்கப்பட்டது.

1996இல் வெளியான ஜாவா மொழி விவரக்குறிப்பு, நிரலில் எழுதப்பட்ட ஒத்த சரங்கள் ஒரே பொருள்தான் என்று விதியாகவே வகுத்தது. இரட்டைச் சமக்குறியிட்டு இரு சரங்களை ஒப்பிடும் மாணவருக்கு முதலில் சரியான விடையே கிடைக்கிறது. அதே சொல்லைப் பயனர் தட்டச்சு செய்து தரும்போது அது வேறு படியாகப் பிறப்பதால், ஒன்றல்ல என்கிறது இயந்திரம்.